வெல்லுகிற ஆட்டத்தில் ஏன் கை அவசரப்படுகிறது?

குளத்தடி (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். நான் இரணைமடுப் பக்கம். சனிக்கிழமைகளில் ஊர் வாசிகசாலையில் பதினைந்து பதினாறு பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்குகிறேன். சம்பளத்துக்கு இல்லை, விருப்பத்துக்கு. போன கிழமை நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருத்திக்கு வயது 13. வலயப் போட்டியின் கடைசிச் சுற்று. வென்றால் மாகாணத்துக்குப் போகலாம். ஆட்டம் முழுக்க வடிவாக விளையாடினாள். கடைசியில் எதிர்ப்பக்கத்தில் ராஜா மட்டும், இவளிடம் ராஜாவும் ராணியும். கறுப்பு ராஜா எச்8 மூலையில் ஒதுங்கி நிற்கிறது. இவளின் ராஜா எஃப்6இல், ராணி ஜி3இல். ராணியை அதே கோட்டில் நேரே மேலே ஜி7 வரைக்கும் கொண்டுபோனால் மேட், ஆட்டம் வெற்றி. கடிகாரத்தில் எட்டு நிமிடம் மிச்சம். அவள் ராணியைத் தூக்கி ஜி6இல் வைத்தாள். ஒரு கட்டம் குறைவு. செக்கும் இல்லை, கறுப்பு ராஜாவுக்கு நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது ஆட்டம் சமநிலை, அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளியால் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டாள். போவது இரண்டு பேர்தான்.

வாசிகசாலையில் இதே நிலையைப் பத்துத் தரம் வைத்துக் கொடுத்தால் பத்துத் தரமும் மேட் வைப்பாள். அன்றைக்கு யோசித்தது இரண்டு விநாடிகூட இருக்காது. தகப்பன் யன்னலுக்கு வெளியே நின்றார், தோட்டவேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

பிறகு கேட்டேன். "ஏன் பிள்ளை அவ்வளவு கெதியா வைச்சனீ?"

"கெதியா முடிஞ்சாக் காணும் எண்டு இருந்தது சேர்."

தோற்கிற ஆட்டத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கும். வெல்லுகிற ஆட்டத்தில் எதிலிருந்து தப்பி ஓடப் பார்த்தாள்?

கடைசிச்சிப்பாய் (மாங்குளம்)

அண்ணா, குறை நினைக்க வேண்டாம். இதை மனம், பயம் என்று பெரிதாக்க வேண்டியதில்லை. ராணி முடிவாட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் ஒரே கேள்விதான்: நான் வைத்த பிறகு அவனுக்குப் போக இடம் இருக்கிறதா? அது இன்னும் பழக்கமாகவில்லை. பத்துத் தரம் போதாது, நூறு தரம் வேண்டும். அதுவும் பிள்ளை களைத்த பிறகு, சுற்றிவரச் சத்தம் இருக்கும்போது, கடிகாரத்தில் ஒரு நிமிடம் மட்டும் வைத்து. நான் எட்டு வருடமாகப் பிள்ளைகளைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். "மனம் சரியில்லை" என்று சொன்ன தோல்விகளில் முக்கால்வாசி, பயிற்சி காணாத தோல்விகள்தான்.

இன்னொன்று. நகர்த்தலை முதலில் தாளில் எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்த பிறகு காயைத் தொடச் சொல்லுங்கள். கை தன்பாட்டில் நின்றுவிடும்.

கறுப்புக்குதிரை (வவுனியா)

கடைசிச்சிப்பாய் அண்ணா, ஒரு திருத்தம். முன்கூட்டியே எழுதுவது அந்தக் காலத்து அறிவுரை. இப்போது உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் விதிப்படி ஆடுவதற்கு முன் எழுதக் கூடாது, சமநிலை கோரும்போது மட்டும் எழுதலாம். பிள்ளை அப்படிப் பழகினால் நடுவர் எச்சரிப்பார், அதில் இன்னும் பதற்றப்படும். எதிராளி ஆடியதை எழுதி, பேனையைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பலகையைப் பார்ப்பது நல்லது. பேனை மேசையைத் தொடும் அந்த நேரம்தான் கையை நிறுத்துகிறது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பயிற்சி இருந்தால் காணும் என்று சொன்னதற்கு: 2006இல் ஜெர்மனியின் பொன் (Bonn) நகரத்தில் டீப் ஃப்ரிட்ஸ் கணினியோடு விளாடிமிர் கிராம்னிக் ஆடினார். அப்போது அவர் உலகச் சம்பியன். இரண்டாவது ஆட்டத்தில் ராணியை ஈ3க்குக் கொண்டுபோனார், அடுத்ததாகக் கணினி எச்7இல் ராணியை வைத்து மேட். ஒரே நகர்த்தல் மேட், ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிகிற ஒன்று. அவருக்கு நூறு தரம் பயிற்சி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கே நடப்பதையும் சொல்கிறேன். வேலையால் வந்து இரவில் போனில் ஐந்து நிமிட ஆட்டம் ஆடுவேன். ஒன்று தோற்றால் அதை மீட்க இன்னொன்று, அதுவும் போனால் இன்னொன்று. ஒரு நாள் இரவு பதினொரு ஆட்டம் வரிசையாக விட்டேன். ஐந்தாவதிலிருந்து நான் பலகையையே பார்க்கவில்லை, ஓரத்தில் இறங்கிக்கொண்டு போன ரேட்டிங்கை, ஆட்டபலத்தைக் காட்டும் அந்த எண்ணைத்தான் பார்த்தேன். அந்தப் பிள்ளை "கெதியா முடிஞ்சாக் காணும்" என்று சொன்னது எனக்கு நன்றாக விளங்குகிறது. தோற்கும்போது இழக்க ஒன்றும் இல்லை. வெல்லும் நிலை வந்ததும் கையில் ஒரு பொருள் வந்துவிடுகிறது. அது விழுந்து உடைவதற்குள் எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போல் இருக்கும்.

பனங்கூடல் (புதுக்குடியிருப்பு)

இதில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் சதுரங்கம் பழகியது 2009இல், செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில். எனக்கு அப்போது 15 வயது. பிஸ்கட் பெட்டி மட்டையின் உட்பக்கத்தில் கட்டம் கீறியிருந்தோம். காய்கள் எல்லாம் போத்தல் மூடிகள், மேலே பேனையால் எழுத்து. கறுப்புக் காயென்றால் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். மழை பட்டால் எழுத்து அழிந்துவிடும், குதிரை எது கோட்டை எது என்று நினைவில்தான் வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கூடாரத்து ஐயா ஒருவர்தான் என்னோடு ஆடுவார். ஒரு தரம்கூட விட்டுத்தந்ததில்லை. நான் மாதக்கணக்காகத் தோற்றேன்.

ஐயாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும், "எந்த இடத்தில பிழைச்சது?" என்று கேட்பார். நான் இடத்தைக் காட்ட வேண்டும். சும்மா ஒரு இடத்தைக் காட்டினால் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். சரியான இடத்தைக் காட்டும் வரைக்கும் அடுத்த ஆட்டத்துக்கு மூடி அடுக்க மாட்டார். சில நாள் தண்ணீர் வரிசைக்குப் போய்த் திரும்பி வந்து காட்டியிருக்கிறேன்.

அந்த இடத்தை நல்ல இடம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பலகையில் தோற்றால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. யாரும் பார்க்கவில்லை, எண்ணவில்லை, யாருடைய காசும் அதில் இல்லை. இப்போது என் மகன் ஆடுகிறான். அவன் தோற்ற ஆட்டத் தாளை பாக்கின் அடியில் நாலாக மடித்து வைத்திருப்பான், பிரித்துக் காட்டவே மாட்டான். நான் பழகிய அளவுக்கு அவன் பழகாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முல்லைத்தாய் (ஒட்டுசுட்டான்)

தம்பிமார், எனக்கு இந்த விளையாட்டே தெரியாது. மகன் ஆடுகிறான், அதனால் வாசிக்கிறேன்.

முன்பெல்லாம் பிள்ளை போட்டியால் வந்து படலை திறக்கவே "வெண்டனியோ?" என்று கேட்டுவிடுவேன். ஒருநாள் அவன் படலையடியிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. அன்றிலிருந்து கேட்பதில்லை, தானாகச் சொன்னால் கேட்பேன் என்று வைத்துக்கொண்டேன். போன வருடம் ஒரு போட்டி முடிந்து இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. தோற்றுவிட்டான் என்று நினைத்துப் பிட்டும் முட்டைப் பொரியலும் செய்து கொடுத்தேன். பிறகு பார்த்தால் ஐந்தில் நாலு வென்றிருக்கிறான்! தோற்ற அந்த ஒன்றுதான் அவன் தொண்டையில் நின்றிருக்கிறது. நாலு வெற்றி இருந்தும் ஒரு தோல்விக்கு இரண்டு நாள் சோறு இறங்காத பிள்ளையை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

குளத்தடித் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லாரும் அந்தப் பிள்ளை தோற்கப் பயந்தது என்று எழுதுகிறீர்கள். வென்றால் என்ன செலவு வரும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? மாகாணப் போட்டி என்றால் போக்குவரவு, தங்குமிடம், சாப்பாடு, கூடப்போகும் ஆளின் இரண்டு நாள் கூலி. எங்கள் வீட்டில் அதைப் பற்றி இரவில் மெதுவாகக் கதைப்போம். பிள்ளைகள் நித்திரை என்று நினைப்போம்.

மூன்றாம்வருடம் (யாழ்ப்பாணம், ஊர் கனகராயன்குளம்)

உளவியல் படிக்கிறேன். அக்கா கேட்ட கேள்விக்குக் குளத்தடி அண்ணாதான் பதில் சொல்ல வேண்டும், நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் கொழும்புப் பிள்ளையோடு மேசையில் இருக்கும்போது ஆட்டம் தொடங்க முதலே பாதி தோற்றுவிடுகிறார்கள். நானும் அப்படி இருந்தவன். எதிரில் இருப்பவனிடம் கழகத்தின் பெயர் போட்ட ஜேர்சி, தனிப் பயிற்சியாளர், ரேட்டிங். "அவனுக்கு மூளை வேற" என்று மனதில் எழுதிவிட்டுத்தான் முதல் சிப்பாயைத் தள்ளுவேன்.

இதற்கு ஒரு நல்ல மருந்து ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. ஆட்ரியான் டி க்ரூட் என்ற டச்சு உளவியலாளர் 1940களில் தொடங்கியதை, 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் தொடர்ந்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திருப்பி அடுக்கினார், புதியவரால் சில காய்களைத்தான் அடுக்க முடிந்தது. பிறகு அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினார்கள். இந்தத் தரம் தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, அவர்களுக்கு வேறு மூளை இல்லை. திரும்பத் திரும்பக் கண்ட வடிவங்கள் கண்ணில் பதிந்திருக்கின்றன, அவ்வளவுதான். கனகராயன்குளத்துப் பிள்ளைக்கும் அது பதியும். கொஞ்சம் பிந்திப் பதியும், ஏனென்றால் பலகைக்கு முன்னால் ஆள் கிடைப்பது குறைவு.

எனக்கு இது விளங்கிய பிறகு எதிரே இருப்பவனைப் பார்க்கும் பார்வை மாறியது. அவன் என்னைவிடக் கூடக் கண்டிருக்கிறான் என்றால், அவனோடு ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் கண்டதில் கொஞ்சத்தை நான் எடுத்துக்கொண்டு வரலாம்.

குளத்தடி

முல்லைத்தாய் அக்கா, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு நேற்றுப் பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தகப்பன் முதலில் "நான் ஒரு சொல்லும் ஏசேல்லையே மாஸ்டர்" என்றார். உண்மைதான், பாசத்தோடுதான் அன்றைக்கு வந்து நின்றார். பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் அவளிடம் கேட்டேன், "மாகாணத்துக்குப் போக விருப்பமோ?" தாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "விருப்பம்தான். ஆனா அம்மாவின்ர தோட்டை அடைவு வைக்க வேணும் எண்டு கதைச்சவை."

தாய் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

நான் அந்த இடத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. இவ்வளவு நாளும் அவள் தோற்கப் பயந்தாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தோற்றாலும் பயம், வென்றாலும் பயம். எட்டு நிமிடம் இருந்தும் இரண்டு விநாடியில் ஏன் வைத்தாள் என்று இப்போது விளங்குகிறது. ஜி6இல் வேண்டுமென்று வைக்கவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அழுதாள். ஆனால் அந்த மேசையில் அவளால் ஆறுதலாக இருந்து பார்க்க முடியவில்லை.

கடைசிச்சிப்பாய்

வாசித்தேன். முதல் எழுதியதில் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன்.

என்னிடம் ஒரு வான் இருக்கிறது. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை தெரிவானால் நான் ஏற்றிக்கொண்டு போகிறேன், மாங்குளத்திலிருந்து எப்படியும் என் பிள்ளைகளோடு போகிற வான்தான். தோட்டை அடைவு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இதைத் தனியாகவும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆனால் நூறு தரம் என்று சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை. பயம் வரும்போது மூளை நின்றுவிடும், அப்போது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்புக்குதிரை

காசுப் பாரத்தைப் போல ரேட்டிங் பாரமும் ஒன்று. பெற்றோர் அந்த எண்ணைப் பரீட்சைப் புள்ளி போலப் பார்க்கிறார்கள், அதனால் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஆர்பட் ஈலோ போட்ட அந்த முறையில், உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரோடு 100 ஆட்டம் ஆடினால் உங்களிடம் எதிர்பார்ப்பது 76 புள்ளி. மிச்சம் 24 அவருக்கு. அதாவது "என்னைவிடக் குறைந்தவனிடம் தோற்றேன்" என்று தலை குனிய வேண்டிய அந்த ஆட்டம், கணக்கில் ஏற்கெனவே எழுதி வைத்த ஆட்டம். அடுத்தது, எதிர்பார்த்த புள்ளிக்கும் எடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு எண்ணால் பெருக்கித்தான் ரேட்டிங்கை மாற்றுவார்கள். ஃபிடேயில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட, ரேட்டிங் 2300ஐ எட்டாத பிள்ளைகளுக்கு அந்த எண் 40. சம ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளி போய்விடும். அதே தோல்விக்கு என்னைப் போன்ற ஆளுக்குப் போவது 10தான். பிள்ளைகள் வேகமாக வளர்வார்கள், எண்ணும் கூடவே ஓட வேண்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். ஆகவே ஒரு போட்டியில் 80 இறங்கினால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

பனங்கூடல்

குகேஷைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2024 ஏப்ரலில் டொரோண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி, உலகச் சம்பியனோடு மோதப்போகிறவரைத் தெரிவுசெய்யும் போட்டி அது, ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரோஜாவிடம் தோற்றார். போட்டியை வென்ற பிறகு அவரே சொன்னார், இது தன்னுடைய போட்டியாக இருக்கலாம் என்று தோன்றியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று. அந்த வருடக் கடைசியில் சிங்கப்பூரில் அப்போதைய உலகச் சம்பியன் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்தையே விட்டார், மூன்றாவதை வென்றார். பதினொன்றாவதை வென்று, பன்னிரண்டாவதை விட்டு, பதினான்காவதில் 18 வயதில் உலகச் சம்பியன். இந்தியக் கிரிக்கெட் அணியோடு 2011இல் வேலை செய்த பேடி அப்டன் மனப் பயிற்சிக்கு அவரோடு இருந்தார். அந்த மட்டத்தில் இருப்பவர்களே மனதுக்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அன்று நான் அழுதது டிங்குக்காக. சமநிலையில் முடிய வேண்டிய ஆட்டம், கோட்டையை எஃப்2இல் வைத்தார், அவ்வளவுதான். மனச்சோர்வோடு போராடியதை மறைக்காமல் வெளியே சொன்ன மனிதர். என் மகனுக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். "அவரும் தாளை மடிச்சு வைச்சிருப்பாரோ?" என்று கேட்டான். தெரியாது என்றேன். கொஞ்ச நேரத்தால் தன்னுடைய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

குளத்தடி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் பரந்தன், தருமபுரம் பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து வாசிகசாலையிலேயே ஆட்டம் வைக்கத் தொடங்கினோம். நுழைவுக் கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, இடம் போடுவதும் இல்லை. பெற்றோர் பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போனால் போதும். வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் இந்த இரண்டு மாதத்தில் இருபது முப்பது ஆட்டமாவது தோற்றிருக்கும். நான் எண்ணவில்லை.

போன சனி அவளுக்கு அதே முடிவாட்டம் வந்தது. எதிரில் ஒரு சின்னப் பொடியன், காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறான். அவனுடைய நகர்த்தலை எழுதினாள். பேனையை வைத்தாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, யாரும் இரண்டு விநாடியில் காணக்கூடிய மேட்டை நாலு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொடியனுக்குக் கொட்டாவியும் வந்துவிட்டது. பிறகு ஒரு கையை எடுத்து வைத்தாள். மேட்.

அடுத்த ஆட்டத்தில் தருமபுரத்துப் பத்து வயதுப் பிள்ளையிடம் தோற்றாள். முகம் சிவந்து போச்சு. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தாளோடு என்னிடம் வந்தாள். நான் பனங்கூடலின் ஐயா கேட்டதைத்தான் கேட்டேன். இருவரும் திருப்பி அடுக்கத் தொடங்கினோம். 23ஆவது நகர்த்தல் வரும்போது வாசிகசாலை பூட்டுகிற நேரம் வந்துவிட்டது. அந்த இடம்தான் என்கிறாள், எனக்கு அதற்கும் முன்னால் என்று படுகிறது.

கடைசிச்சிப்பாய்

23இல் என்ன வைத்தாள்? நிலையை முழுக்க எழுதிப் போடுங்கள் அண்ணா. சனிக்கு முன்னால் நாங்களும் பார்க்கிறோம்.